ஆற்றை ஒருவரும் கடக்கவில்லை

அம்மாசியின் மாமியார் வீடு ஒரு நாள் காலையில் வெளிநாடாகிவிட்டது.

வீடு நகரவில்லை. மாமியாரும் நகரவில்லை, அவர் அவ்வளவு சுலபமாக நகரக்கூடியவர் இல்லை. மூடா ஆற்றுக்கு அக்கரையில், உரக்கக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அதே தோட்டத்து லயத்தில்தான் இருந்தார். யுத்தத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் கெடா மாநிலத்தைத் தூக்கிச் சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். கொடுத்தவன் ஆற்றோடு நிறுத்திக்கொண்டான். இக்கரையில் அம்மாசி இருந்த சிடாம் கிரி சயாமுக்குப் போயிற்று, அக்கரை ஜப்பானிடமே இருந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணி இந்தச் செய்தியைக் காலை ஆள்கணக்குப் பெரட்டில் வாசித்தபோது, வரிசையில் நின்ற அம்மாசிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

“அப்ப எம் பொண்டாட்டி எந்த நாடுங்க?”

கிராணி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இராசாத்தி ஆவணியில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். சம்பான் படகில் பத்து நிமிடப் பயணம். ஐப்பசியில் எல்லைக்கோடு வந்து ஆற்றுக்குள் படுத்துக்கொண்டது. இரு கரையிலும் துப்பாக்கியோடு காவல் நின்றது. கார்த்திகையில் பிள்ளை பிறந்தது. அம்மாசி இக்கரையில் நின்று பார்த்தான். அக்கரையில் இராசாத்தி ஒரு துணி மூட்டையை இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டினாள்.

“பொம்பளப் புள்ளைங்க!”

“யாரு ஜாடை?”

“ஒங்க ஜாடைதான்! பயப்படாதீங்க, வளந்தா சரியாயிடும்!”

காவலுக்கு நின்ற சயாம்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தான். அன்றிலிருந்து குளிக்கும் நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் நின்று குடும்பம் நடத்தினார்கள். பிள்ளைக்குச் சளி பிடித்தது, தொப்புள் விழுந்தது, சிரித்தது, எல்லாம் இரண்டு நாட்டுக் காவலுக்கும் தெரிந்துதான் அம்மாசிக்குத் தெரிந்தது.

தையில் ஒரு நாள் இராசாத்தி சிரிக்காமல் கத்தினாள்.

“அரிசிய நிறுத்திட்டாங்க! நா வெளிநாட்டுக்காரியாம்!”

அக்கரைப் பங்கீட்டுப் பட்டியலில் அவள் பெயரை அந்நியர் என்று அடித்திருந்தார்கள். இக்கரைப் பட்டியலில் ஊரில் இல்லாதவர் என்று ஏற்கனவே அடித்தாகிவிட்டது. தாய்க்காரியின் பங்கில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பால் வற்றிக்கொண்டு வருகிறது என்பதை மட்டும் கத்திச் சொல்ல முடியாமல் மார்பைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினாள். மறுநாள் விடிந்ததும் அம்மாசி சுங்கைப் பட்டாணி நகரத்துக்கு நடந்தான்.

அங்கே ஆற்றுக்கடப்பு அனுமதி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைமைக் கிராணி சுப்பிரமணியம் வெள்ளைக்காரனிடம் பதினெட்டு வருடம், ஜப்பான்காரனிடம் ஒன்றே முக்கால் வருடம் வேலை பார்த்து, இப்போது சயாமுக்கு வந்திருந்தார். நாற்காலி மட்டும் மாறவில்லை. வாசலில் தொங்கிய பலகையின் ஒரு பக்கம் இங்கிலீஷ். ஜப்பான் வந்ததும் அதைத் திருப்பிப் போட்டு ஜப்பானியத்தில் எழுதினார்கள். சயாம் வந்தபோது பலகைக்கு மூன்றாவது பக்கம் இல்லாததால் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று. ஊரில் நல்ல பசை கிடையாது. மரவள்ளிப் பசை காய்ச்சினால் ஒட்டுவதற்குள் யாராவது தின்றுவிடுவார்கள். ஆகவே காற்று அடித்தால் காகிதம் விழும். எடுத்து ஒட்டும் வரை அலுவலகம் ஜப்பானுக்குச் சொந்தமாக இருக்கும்.

அம்மாசி போனபோது காகிதம் தரையில் கிடந்தது. சுப்பிரமணியம் அதைக் கையில் பிடித்தபடி தவித்துக்கொண்டிருந்தார்.

“ரப்பரு மரத்துக் கித்தாப்பால் தடவுனா ஒட்டுமுங்க” என்றான் அம்மாசி.

சுப்பிரமணியம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாரு?”

“பால்வெட்டுக்காரனுங்க. பொண்டாட்டி புள்ள அக்கரையில மாட்டிக்கிட்டாங்க. கூட்டியாரணும்.”

“அதெல்லாம் மனுவுல எழுது. நாளைக்குப் பால் கொண்டா.”

மறுநாள் அம்மாசி பத்து மரம் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலை மூடி போட்ட டின்னில் ஊற்றிக்கொண்டு, உறைவதற்குள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். பலகையில் காகிதம் ஒட்டியது. சயாம் ஆட்சி அன்றுதான் சுங்கைப் பட்டாணியில் நிலைபெற்றது. அம்மாசி அலுவலகத்தின் பசைக்காரனாக நியமிக்கப்பட்டான். சம்பளம் கிடையாது. ஆனால் மனு கொடுப்பவர்கள் யாரும் பார்க்காத உள்ளறைக்குள் போய்வரலாம்.

உள்ளறையில் ஆர்தர் என்ற சின்னக் கிராணி இருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மட்டுமே படித்தவர். அது இப்போது எதிரி பாஷை, வாயைத் திறந்தால் ஆபத்து. அவர் இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் பயந்துகொண்டிருந்தார். அதனால் நாள் முழுக்கப் பேசமாட்டார்.

மனுத்தாள் சயாம் எழுத்தில் அச்சாகி வந்திருந்தது. நாற்பத்திரண்டு கேள்விகள். அலுவலகத்தில் ஒருவருக்கும் அந்த எழுத்து தெரியாது. மனு கொடுப்பவர்களுக்கும் தெரியாது. ஆனால் அதற்காக வேலை நிற்குமா? சுப்பிரமணியம் மனுவைக் கையில் எடுத்து, எழுதியிருக்கும் வரிகளை எண்ணுவார். நாற்பத்திரண்டும் நிரம்பியிருந்தால், “எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கான், உளவாளியா இருப்பான்” என்பார். நாலைந்து வரி காலியாக இருந்தால், “எதையோ மறைக்கிறான்” என்பார். பிறகு கடிதம் நிறுக்கும் தராசில் வைப்பார். எடை குறைவாக இருந்தால் அக்கறை போதாது. எடை அதிகமாக இருந்தால் அவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை? இரண்டுக்கும் பொதுவாக ஒரு முத்திரை இருந்தது. ‘மறுக்கப்பட்டது.’

“ஐயா, அனுமதின்னு ஒரு முத்திரை இருக்குமுல்ல?” என்று அம்மாசி ஒரு நாள் ஆர்தரிடம் மெல்லக் கேட்டான்.

ஆர்தர் வாசலைப் பார்த்துக்கொண்டார். “இருந்திச்சி. அதுல வெள்ளைக்காரன் கிரீடம் போட்டிருந்திச்சி. ஜப்பான் வந்தன்னிக்குப் பெரியவரே எடுத்து அடுப்புல போட்டாரு, விசுவாசத்தக் காட்டணுமுல்ல. புதுசு வேணும்னு ஒரு மனு எழுதினோம்.”

“வந்திச்சிங்களா?”

“எங்க? பெரியவரு பழக்கத்துல அதுலயும் ‘மறுக்கப்பட்டது’ன்னு குத்திட்டாரு லா.”

அம்மாசி வாசலை எட்டிப் பார்த்தான். வெளியே கொட்டகைக்கு முன்னால் முப்பது பேர் வெயிலில் வரிசையில் நின்றார்கள். ஒருவர் தம்பியின் கருமாதிக்குப் போக வேண்டும். ஓர் அம்மாள் மகளுக்குச் சீமந்தம் என்று வளையல் பொட்டலத்தோடு வந்துகொண்டேயிருந்தார். மகளுக்குப் பிரசவமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

பேச்சுவாக்கில் அம்மாசி சுப்பிரமணியத்திடமே கேட்டுவிட்டான். “இத்தன பேரு தெனமும் வாராங்களேங்க, ஒருத்தரையாச்சும் விட்டா என்னாங்க?”

சுப்பிரமணியம் கோபப்படவில்லை. தொழில் தெரியாதவனுக்குத் தொழில் சொல்லும் பெருமிதத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

“அனுமதி குடுக்குறது பெரிய வேலையாடா? ஆத்துல சம்பான் கெடக்கு, சம்பான்காரன் இருக்கான். அவனே குடுத்துட்டுப் போறான். ஒருத்தன வேணாம்னு சொல்லி, அவனாவே நாளைக்கும் வந்து கைகட்டி நிக்கவைக்கணும் பாரு, அதுக்குத்தான் ஆப்பீஸ் வேணும். முப்பது பேர இன்னிக்கு அக்கரைக்கு விட்டேன்னு வச்சுக்க, நாளைக்கு எம் முன்னால யாரு நிப்பா? இந்த நாற்காலி யாருக்காகப் போட்டிருக்கு? ஜனங்களுக்காக. ஜனங்க இல்லேன்னா நாற்காலி இல்ல. நா அவங்கள நெனச்சித்தான் அவங்கள விடறதில்ல.”

அம்மாசி டின்னை எடுத்துக்கொண்டு பசை வேலைக்குப் போனான்.

பசை வேலையில்தான் அந்தத் தப்பு நடந்தது. ஒவ்வொரு மனுவோடும் கைரேகைத்தாள், ஊர்ச்சீட்டு, தோட்டத்துக் கடிதம் எல்லாம் சேர்த்து ஒட்டி அடுக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மாசி தோட்டத்துக்காரன். கித்தாத் தாளைப் புகைக்கூடத்தில் அடுக்கிப் பழகிய கை. ஓரத்தில் மட்டும் தடவ வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. முழுத்தாளிலும் வஞ்சகமில்லாமல் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கல்லை வைத்து நன்றாக அழுத்திவிட்டான். பத்து நாளில் நான்கு மாதத்து மனுக்கள் அத்தனையும் ஒரே செங்கல்லாகிவிட்டன. அவனுடைய சொந்த மனு அடியிலிருந்து மூன்றாவதாக எங்கோ இருந்தது.

சுப்பிரமணியம் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். அது ஒரு முழம் நீண்டு வந்து, கையை விட்டுப் பட்டென்று திரும்பிப் போயிற்று. இன்னொரு முறை இழுத்தார். இந்த முறை அது மூக்குக்கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

அடி விழும் என்று அம்மாசி குனிந்து நின்றான். சுப்பிரமணியமோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் செங்கல்லை நாலாபக்கமும் சுற்றிப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி வந்தது.

“ஆர்தர், இனிமே எவன் கேட்டாலும் மனு பரிசீலனையில இருக்குன்னு சொல்லு. நெசமாத்தான். யாராலயும் பிரிக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்துலகூட ரகசியத்த இப்படிக் காப்பாத்தினதில்ல.”

அம்மாசி கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். தன் பெண்டாட்டி பிள்ளையைத் தன் கையாலேயே ஒட்டிப் புதைத்துவிட்டோம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

மாசி முடியும் நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. மாதாமாதம் எத்தனை பேரை அனுப்பினோம் என்று அக்கரை அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஏற்பாடு. சுப்பிரமணியத்தின் அறிக்கை மலாய் மொழியில், ஒரே வரியில் இருந்தது: ‘இம்மாதம் ஆற்றை ஒருவரும் கடக்கவில்லை.’ அவருக்கு அதில் மிகுந்த பெருமை. ஆனால் இரண்டு நாட்டுக்கும் இடையில் தபால் நின்றுபோயிருந்தது. ஒருவரும் கடக்கவில்லை என்று சொல்ல ஒருவர் கடந்துதான் ஆகவேண்டும்.

சுப்பிரமணியம் தானே போக மாட்டார். சம்பான் ஆடும். ஆர்தர் போனால் பயத்தில் இங்கிலீஷ் பேசிவிடுவார். இருவருடைய பார்வையும் பால் டின்னோடு நின்ற அம்மாசியின்மேல் விழுந்தது.

“நீ போற. கவர்மெண்டு வேல. கவர்மெண்டு வேலைக்கு அனுமதி முத்திரை வேணாம், என் கையெழுத்தே போதும். இந்த அறிக்கைச் சூராட்டக் குடு, கையெழுத்து வாங்கு, அடுத்த சம்பான்ல திரும்பிடு. பொண்டாட்டி மொகத்தப் பாக்குறேன்னு எங்கயும் நின்னுடாத.”

அம்மாசி டின்னைக் கீழே வைத்தான். தையிலிருந்து மனுப்போட்டுக் கிடைக்காதது, ஒன்றுமே நடக்கவில்லை என்ற செய்தியைச் சுமந்ததால் கிடைத்துவிட்டது. சுப்பிரமணியம் சுவரில் தொங்கிய சயாம் நாட்காட்டியைப் பார்த்து, மாதக் கடைசி வரை செல்லும் என்று பாஸில் தேதி போட்டார். புத்தர் கணக்கில் ஆண்டு 2487.

அக்கரையில் சம்பான் துறைக்குப் பக்கத்திலேயே அந்த நாட்டு அலுவலகம். ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு வளையக் கும்பிட்டுவிட்டு அம்மாசி உள்ளே போனான். உள்ளேயிருந்தவரும் தமிழர்தான், பெயர் தர்மலிங்கம். ஒரே கடையில் தைத்தது போல அதே வெள்ளைக் கோட்டு, அதே சாய்ந்த உட்காரல். சன்னல் வழியாக அம்மாசிக்கு இராசாத்தி தெரிந்தாள். சம்பானில் தன் புருஷன் வருவதைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டுப் பிள்ளையோடு ஓடிவந்திருந்தாள். கிட்டத்தில் பார்க்கும்போதுதான் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பது தெரிந்தது. அம்மாசி பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

தர்மலிங்கம் அறிக்கையை வாசித்தார். “ஆத்த ஒருத்தரும் கடக்கலன்னு போட்டிருக்கே. அப்ப நீ யாரு?”

“கடக்கலன்னு சொல்ல வந்தவனுங்க.”

“நீ வரலேன்னு ஒங்க ஆப்பீஸே எழுதியிருக்கு. வராதவன்கிட்ட நா எப்படிக் கையெழுத்துக் குடுக்குறது? பாஸக் காட்டு.”

சயாம் எழுத்தில் அவருக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான். அவற்றைப் பார்த்தவர் எழுந்து, தன் சுவரில் தொங்கிய ஜப்பான் நாட்காட்டிக்குப் போனார். அதில் ஜப்பான் அரச வம்சக் கணக்கில் ஆண்டு 2604. விரல்விட்டுக் கழித்தார். இன்னொரு முறை கழித்தார். திரும்பிவந்து உட்கார்ந்தபோது அவர் குரலே மாறியிருந்தது.

“இந்தப் பாஸ் காலாவதியாகி நூத்திப் பதினேழு வருஷமாச்சி.”

“இன்னிக்குக் காலையிலதாங்க எழுதினாங்க!”

“அது ஒங்க நாட்டுக் காலையில. இங்க இது 2604. நூத்திப் பதினேழு வருஷமா அனுமதியில்லாம எங்க நாட்டுல தங்கியிருக்க.”

“எனக்கு வயசே இருவத்தெட்டுங்க!”

“அது எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாதே.” தர்மலிங்கம் ஒரு தடித்த புத்தகத்தை ஆசையோடு திறந்தார். “கூடுதலாத் தங்கின ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கசையடி. நீ தங்கினதுக்கு நாப்பதாயிரத்துக்கு மேல வருது. அத்தன அடிக்க எங்ககிட்ட ஆள் இல்ல. அதனால அடுத்த தண்டனை. நாடு கடத்தல்.” பக்கத்தைப் புரட்டினார். “குடும்பத்தோட. பொண்டாட்டி புள்ள இருக்கா?”

அம்மாசி சன்னல் பக்கம் திரும்பாமல், எவ்வளவு துயரமாக முகத்தை வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டான்.

“இருக்காங்க, ஐயா. அவங்கள விட்டுடுங்க, ஐயா.”

“அதெல்லாம் முடியாது! அவங்களையும் சேத்துத்தான் தொரத்தணும். இதுல எரக்கமே காட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு.”

கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இராசாத்தியை வெளியே விட நான்கு மாதமாக ஆயிரம் தடை சொன்ன அலுவலகம், இப்போது சிப்பாய் காவலோடு, அரசாங்கச் சம்பானில், கையில் உத்தரவையும் பிள்ளையின் பிறப்புச் சீட்டையும் திணித்து அவளைத் துரத்தியது. நடு ஆற்றில் அம்மாசி பிள்ளையை முதல் முறையாகக் கையில் வாங்கினான். அது அவன் மூக்கைப் பிடித்தது. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிப்பாய் இருந்ததால் அழுகையை மட்டும் வெளியே விட்டான்.

இக்கரைக் காவல் மூவரையும் நேரே சுங்கைப் பட்டாணிக்குக் கூட்டிப்போயிற்று. சுப்பிரமணியம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“ஒருத்தன அனுப்பினேன், மூணு பேரு வந்திருக்கீங்க! அடுத்த அறிக்கையில நா என்னான்னுடா எழுதுவேன்?”

“அவங்களா தொரத்திட்டாங்க, ஐயா. சூராட் இருக்கு.”

சுப்பிரமணியம் உத்தரவை வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். “2604ஆ? இப்ப நடக்குறது 2487. இது செல்லுபடியாக இன்னும் நூத்திப் பதினேழு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நீங்க இன்னும் தொரத்தப்படல. திரும்பிப் போங்க. புள்ள சீட்டு எங்க? 2603. பாத்தியா, இது பொறக்கவே இன்னும் நூத்திப் பதினாறு வருஷம் இருக்கு. பொறக்காத புள்ளையக் கொண்டாந்து...”

உள்ளறையே அதிரும்படி பிள்ளை வீறிட்டது.

“யாரு அழுவுறது?” என்று திடுக்கிட்டார் சுப்பிரமணியம்.

“இன்னும் பொறக்காததுதாங்க” என்றான் அம்மாசி.

இராசாத்தி பிள்ளையை மார்போடு அணைத்தாள். அது இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, ஒன்றும் வராமல் மறுபடி அழுதது. அந்தச் சத்தத்தில்தான் ஆர்தர் எழுந்தார். அலுவலகத்தில் அவர் தானாக வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

“சார், இந்த உத்தரவு நூத்திப் பதினேழு வருஷம் கழிச்சித்தான் அமலுக்கு வருது. அதுவரைக்கும் நாம அனுமதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பரிசீலனையிலதான் வைக்கணும். பரிசீலனை முடியிற வரைக்கும் ஆள் இப்ப இருக்குற எடத்துலயே இருக்கணும், சாப்பாட்டுக்கு அரிசி குடுக்கணும். ரூல் அப்படி.” நாற்காலியைக் காட்டினார். “இந்த ஃபைல் இருக்கிற வரைக்கும் எந்தக் கொடி வந்தாலும் இந்த ஆப்பீஸ மூட முடியாது, சார்.”

சுப்பிரமணியம் உட்கார்ந்தார். நாற்காலியின் கைகளை இரண்டு பக்கமும் தடவிக் கொடுத்தார். அவர் கண்ணில் நீர் கோத்தது.

“நூத்திப் பதினேழு வருஷம்” என்றார். “ரெண்டு பேருக்கு அரிசி எழுது. பொறக்காததுக்குக் கெடையாது.”

“வேணாங்க” என்றாள் இராசாத்தி. “எனக்குக் குடுங்க. அவளுக்கு நா குடுத்துக்குவேன்.”

உத்தரவையும் பிறப்புச் சீட்டையும் ஒட்டும் வேலை அம்மாசிக்கே வந்தது. பால் டின்னைத் திறந்தான். முழுத்தாளிலும், மூலை முடுக்கெல்லாம், மூன்று பூச்சுப் பூசினான். செங்கல்லின் உச்சியில் வைத்து, கல்லை ஏற்றி, அதன்மேல் தானும் ஏறிச் சற்று நேரம் உட்கார்ந்தான்.

சிடாம் கிரிக்குப் போகும் வழியில் இராசாத்திக்கு இன்னும் பயம் விடவில்லை. ஆர்தர் எழுதிக்கொடுத்த அரிசிச் சீட்டை முந்தானையில் முடிந்திருந்தாள். பிள்ளை தூங்கிவிட்டது.

“மறுபடியும் கூப்புட்டு அனுப்புவாங்களா?”

“அனுப்புவாங்க. நூத்திப் பதினேழு வருஷம் கழிச்சி.”

இராசாத்தி கணக்குப் போட்டபடி கொஞ்ச தூரம் நடந்தாள்.

“அப்ப சரி” என்றாள். “அதுக்குள்ள இவளுக்கு ஒரு வயசு ஆயிருக்கும்.”